மைல் கட்டைக்கு ஒரு மரண அறிவித்தல்

இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும் ஊவா மலைநாட்டு வீதியோரங்களை வசிப்பிடமாகவும் கொண்ட திருவாளர் மைல் கட்டை அவர்கள், எழுபதுகளில் பீடித்த மெட்ரிக் நோயால் நெடுநாள் பாயில் கிடந்து காலமானார். அன்னார், காலஞ்சென்றவர்களான அந்தர், கலன் ஆகியோரின் அன்புச் சகோதரரும், பாண் கடையில் மட்டும் உயிரோடிருக்கும் இறாத்தலின் ஒன்றுவிட்ட அண்ணனும், இன்றும் திடகாத்திரமாய் நடமாடும் ஏக்கர், பேர்ச் ஆகியோரின் நெருங்கிய உறவினரும் ஆவார். ஈமக்கிரியை என்று தனியாக எதுவும் நடக்கவில்லை. வீதி அகலிக்கும் வேலையோடு வேலையாக மண்வெட்டும் இயந்திரம் அதையும் முடித்துவிட்டது. உற்றார் உறவினர், பஸ் நடத்துநர்கள், ஆட்டோ சாரதிகள் அனைவரும் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நடை பழக்கம். தோட்டத்துச் சாவுகள் அந்த அறிவித்தலில் வருவது அபூர்வம். காசு கட்டி அறிவிக்க லயத்தில் யாருக்கு வசதி? தப்புச் சத்தம் எட்டிய தூரந்தான் அறிவித்தல். வெளித்தோட்டத்துச் சொந்தக்காரருக்கு ஆள் விட்டுச் சொல்லும்போதுதான் ஓர் இலக்கம் தேவைப்படும். இத்தனையாம் கட்டையில் இறங்கு, ஸ்டோர் பக்கம் போகாதே, கோயில் பாதையில் மேலே ஏறு. அந்த இலக்கத்தைச் சுமந்து நின்ற கல்லுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பெரிய கல் ஒன்றுமில்லை. முழங்கால் உயரம், மொட்டைத் தலை, வெள்ளையடித்த நெற்றியில் கறுப்பு இலக்கம். பண்டாரவளைப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையின் பின்புறத்தில் அப்படி ஒன்று மல்லாந்து கிடந்ததைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். இலக்கம் பாதி உதிர்ந்து, ஒன்றா ஏழா என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஒரு விளிம்பு வழுவழுவென்று குழிந்திருந்தது. அது கவ்வாத்துக் கத்தி தீட்டித் தீட்டி வந்த தேய்மானம். மறுபக்கம் வெள்ளை வெள்ளையாய்த் தீற்றல்கள். பழைய பெயின்ட் என்று நினைத்தேன், கடைக்காரர் சிரித்துவிட்டு, "சுண்ணாம்புங்க" என்றார். மலையிலிருந்து இறங்கி வருகிற பெண்கள் கல்லருகே நின்று வெற்றிலை மடித்து, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அதிலேயே துடைத்துவிட்டுப் போவார்களாம். எத்தனையோ பெண்களின் விரல் அந்தக் கல்லில் இருந்தது. அரசாங்கம் எழுதிய இலக்கம்தான் அழிந்துவிட்டது.

இந்தக் கட்டைகளை நட்டவர்கள் தோட்டத்து ஆட்களை நினைத்து நடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஊவா மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. மூட்டையைக் கீழே இறக்க வீதி வேண்டும், வண்டிக்காரனிடம் கூலி பேச மைல் வேண்டும். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, பின்னர் கோப்பி ஒழிந்து தேயிலை வந்தபோதும் வீதிக்கு வேலை குறையவில்லை. ரயில் 1893இல் ஹப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. அங்கிருந்து பதுளைக்கு வர இன்னும் 30 வருடம் எடுத்தது. 1924 ஏப்ரல் 5ஆம் திகதிதான் பதுளைக்குக் கோச்சி வந்தது. அதுவரைக்கும் பதுளைப் பக்கத்துத் தேயிலையெல்லாம் வீதியில்தான் இறங்கியது. வீதியை வெட்டியவர்களும் மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளியவர்களும் கல்லுக்கு வெள்ளையடித்தவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்கள். பொதுவேலைத் திணைக்களத்தின் பேரில் பி.டபிள்யூ.டி. லயம் என்று வீதியோரத்தில் அவர்களுக்கும் லயம் இருந்தது. தோட்டத்தில் கங்காணி போல அங்கே ஓவசியர்.

தோட்டத்தில் எல்லாமே இலக்கந்தான். மலைக்கு இலக்கம், லயத்துக்கு இலக்கம், காம்பராவுக்கு இலக்கம், செக்ரோல் பதிவேட்டில் ஆளுக்கு இலக்கம். 1901இல் 'டின் டிக்கெட்' முறை வந்தபோது, கப்பலேறுகிற ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போகிறவர் என்பதே ஒரு தகரத் துண்டில் அடித்த இலக்கமாகிவிட்டது. இதெல்லாம் துரைமார் நம்மை எண்ணுவதற்காக வைத்துக்கொண்ட இலக்கங்கள். வீதியோரத்துக் கட்டையின் இலக்கம் மட்டும் அப்படியில்லை. அது எந்தப் பேரேட்டிலும் நம்மைச் சேர்க்கவில்லை. நாமாக எடுத்துப் புழங்கிய ஒரே இலக்கம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புழங்கக் காரணமும் இருந்தது. லயத்துக்கு விலாசம் கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து எப்போது கைக்கு வருகிறதோ அப்போது வரும். வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கிடைத்த கதையை மலையகத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். எங்கள் வீட்டிலும் உண்டு. அந்தத் தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். அரசாங்கத்துக்குத் தெரிந்த விலாசம் தோட்டத்தின் இங்கிலீஷ் பெயரோடு நின்றுவிடும். ஆள் தேடி வருகிறவனுக்கு உதவியதெல்லாம் கட்டையும், கட்டைக்குப் பக்கத்து வாகை மரமும், மரத்தடி முனியாண்டியுந்தான்.

தமிழனுக்கு வழிக்கல் புதிதுமில்லை. தருமபுரி வட்டாரத்தில் அதியமான் பெருவழியின் காதக் கற்கள் இரண்டு கிடைத்திருக்கின்றன. நாவற்றாவளத்துக்கு 27 காதம் என்கிறது ஒன்று, 29 காதம் என்கிறது மற்றது. எழுத்துக்கும் எண்ணுக்கும் கூடவே கல்லில் குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சின்னக் குழி ஒன்று. எழுத்துத் தெரியாத வழிப்போக்கன் குழியைத் தொட்டு எண்ணிக்கொண்டு நடையைக் கட்டலாம். இன்றும் தமிழ்நாட்டில் ஆயுத பூசையன்று சாலைப் பணியாளர்கள் மைல் கல்லைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். சேலம், திருச்சிப் பக்கத்திலிருந்து கிளம்பி மலையேறி வந்தவர்களுக்கு வழியோரத்துக் கல்லோடு பேசத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. வெள்ளைக்காரனின் கல்லில் குழி இல்லை. எழுத்துத் தெரியாத கிழவிகளும் கட்டையின் இலக்கத்தைத் தவறாமல் சொன்னார்கள் என்றால், ஊரின் பெயராகவே அதை மனதில் வைத்திருந்தார்கள்.

ஊவாவில் நினைவுக் கற்களுக்குப் பஞ்சமா என்றால், இல்லை. பதுளையில் நிற்கும் தூண் கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டுக்குரியது. மகியங்கனைக்கு வந்த அரசனிடம் சந்தை வணிகர்கள் அதிகாரிகளின் அடாவடி பற்றி முறையிட, அவன் விதித்த ஒழுங்குகள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. தியத்தலாவையில் 1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து அடைத்த போயர் கைதிகள் சுமார் 5,000 பேர். அங்கேயே செத்தவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. பதுளைப் புனித மார்க் தேவாலயம் 1857இல் கட்டப்பட்டதே மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்ற துரையின் நினைவாக. வீதிகள் போட்டவர், 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845இல் ஹப்புத்தளைக் கணவாயில் மின்னல் தாக்கிச் செத்தார். நுவரெலியாவில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லிலும் மின்னல் விழுந்து பிளந்தது, யானைகளின் சாபம் என்று மலைநாடு முழுக்கச் சொல்வார்கள். ரோஜர்சின் வீதிகளில் மண் சுமந்தவர்களுக்கு ஒரு செங்கல்கூட இல்லை. யானைகளுக்காவது சாபம் என்ற அளவில் ஒரு நினைவு கிடைத்தது.

எல்லவுக்கு வருகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லோரும் போய்ப் படம் பிடிக்கிற ஒன்பது வளைவுப் பாலத்தைப் பாருங்கள். 1921இல் முடிந்த வேலை, 24 மீற்றர் உயரம், 91 மீற்றர் நீளம். உலக யுத்தம் வந்து இரும்பு கிடைக்காமல் போக, கல்லும் செங்கல்லும் சீமெந்துமாகக் கட்டி முடித்தார்கள் என்பது ஊர்ப் பேச்சு. பி. கே. அப்புஹாமி என்ற மேளக்காரர் துரையிடம் பொறுப்பேற்று, இரு மலைக்கும் இடையிலிருந்த பள்ளத்தில் பாறைகளை உருட்டிவிட்டு அதன்மேல் தூண் எழுப்பினார் என்ற கதை அங்கே எந்த வழிகாட்டியைக் கேட்டாலும் வரும். எவ்வளவு உண்மையோ, அவருக்குப் பெயராவது மிஞ்சியது.

அங்கிருந்து கோச்சியில் ஏறினால் அடுத்தது தெமோதரை. கோச்சிப் பாதை மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து வெளியே வருகிற இடம். சரிவு அதிகமானதால் எப்படி இறக்குவது என்று எஞ்சினியர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, ஒரு தோட்டத்துக் கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார், அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்பது கதை. கங்காணிமாரைப் பற்றி நமக்கு நல்ல அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. அவர்கள் ஆட்களைக் கடனில் கட்டிப்போட்ட கதை தனி. ஆனாலும் இந்தக் கதையில் வருகிற மனிதருக்கு ஒரு பெயர்கூட இல்லாமல் போனது உறுத்துகிறது. எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்தவர், ஒன்றுமில்லை. வெறும் கங்காணி. பெயர்ப்பலகைகள் எழுதுகிறவர்கள் தலைப்பாகையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையை விட்டுவிட்டார்கள்.

பலகை கிடைக்காத கதைகள் எல்லாம் கட்டையில்தான் வந்து சேர்ந்தன. பிரேக் பிடிக்காமல் போன கொழுந்து லொறி இந்தக் கட்டையில் கவிழ்ந்தது, இரவில் வெள்ளைச் சேலை நின்றது அந்தக் கட்டையில், வேலைநிறுத்தத்தில் பொலிஸ் வந்து மறித்தது அடுத்த கட்டையில், அத்தைக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியில் பிள்ளை பிறந்தது இன்னொரு கட்டையில். அந்தப் பிள்ளையைக் கடைசிவரை ஊரார் கட்டையின் இலக்கத்தைச் சேர்த்தே கூப்பிடுவார்கள். இவற்றில் எதுவும் தொல்பொருள் திணைக்களத்தின் பட்டியலில் வராது. வரவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வெள்ளைச் சேலைக்கு யார் பலகை வைப்பது?

ஒன்றை மட்டும் அப்படிச் சிரித்துக் கடக்க முடியாது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்களாக இருந்த நம் ஆட்கள் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இன்னோர் ஒப்பந்தம் பாதிக்குப் பாதி பிரித்தது. பதுளையிலும் பண்டாரவளையிலும் கோச்சியேறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். 1984இல் கப்பல் நின்றுபோகும்வரை இது நடந்தது. ஸ்டேஷனில் எழுந்த ஒப்பாரியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மு. சிவலிங்கத்தின் ஒரு கதைத் தொகுதிக்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். ஆனால் எல்லோரும் ஸ்டேஷன்வரை போகவில்லை. பஸ் காசு வேண்டும், ஒருநாள் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். வயதானவர்கள் தோட்டத்துப் பாதை பெருவீதியில் முட்டுகிற கட்டைவரை வந்து, லொறி திரும்பும்வரை நின்றுவிட்டு, அப்படியே மலைக்குப் போனார்கள். துரை அரைப் பேராவது போடுவார் என்ற கணக்கு.

போனவர்களில் பலர் நீலகிரியில், தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக்கே போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய் 'நான் பதுளை' என்று சொல்லிப் பாருங்கள். அறுபது, எழுபது வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனையாம் கட்டை என்று கேட்பார். கிலோமீற்றரில் பதில் சொன்னால் முகம் வாடிவிடும்.

இலங்கை மெட்ரிக் அளவுக்கு மாறியது எழுபதுகளில் என்று சொன்னேன். கொழுந்துத் தராசில் இறாத்தல் கிலோவானதைத் தோட்டத்து ஆட்கள் உடனே உணர்ந்தார்கள், அது கூலி விஷயம். வீதி மட்டும் மெதுவாகத்தான் மாறியது. புதிதாகக் கொங்கிரீட்டில் கிலோமீற்றர்த் தூண்கள் வந்தன. பழைய கல்லை யாரும் மெனக்கெட்டுப் பிடுங்கவில்லை. சில காலம் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பிறகு மண் சரிந்து சில மூடின, வடிகான் கட்டுகையில் சில உடைந்தன, தார் ஏற ஏறச் சில தலைவரை அமுங்கின, ஒன்றிரண்டு கோயில் படியாயின. வெள்ளையடிக்க ஆள் வராத நாளிலிருந்தே அது செத்ததாக நான் கணக்கு வைக்கிறேன்.

கல் போனதே தவிர இலக்கம் போகவில்லை. வம்பே அங்கேதான் தொடங்கியது. பத்தாம் கட்டை என்று ஊரார் சொல்கிற இடத்தில் 16 என்று எழுதிய தூண் நிற்கும். 10 என்று எழுதிய தூண் நிற்கிற இடமோ ஊரார் கணக்கில் ஆறே கால். கொழும்பிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் வான், தூணைப் பார்த்துக்கொண்டே போய் வேறு தோட்டத்தில் ஏறிய கதைகள் உண்டு. பஸ் நடத்துநருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர் தூணை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன தனியார் பஸ் ஒன்று பசறைக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து குறைந்தது 14 பேர் செத்தார்கள். வீதியோரத்தில் சரிந்து கிடந்த பெரும்பாறை பாதையைக் குறுக்கியிருந்தது. அன்று எல்லாச் செய்தியிலும் வந்த இடப்பெயர்: பசறை 13ஆம் கட்டை. 13 மைல் என்றால் 21 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. 21 என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் ஊரில் ஒருவருக்கும் விளங்கியிருக்காது. அம்புலன்ஸ் கேட்டுத் தொலைபேசியில் கத்தியவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். மைல் போய் நாற்பது வருடத்துக்கு மேலான பிறகும் உயிர் காக்கிற அவசரத்துக்கு அந்த இலக்கந்தான் கைகொடுத்தது. இன்று 13ஆம் கட்டை என்றால் பதுளை மாவட்டம் முழுக்க அந்த விபத்துத்தான்.

விலாசம் இல்லாதவர்களின் சாவைக் கணக்கெடுப்பது எவ்வளவு சிரமம் என்பதை அதற்கு முன்பே பார்த்தாயிற்று. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, காணாமல் போனவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை நாளுக்கொன்றாகச் சொல்லப்பட்டது. மண்சரிவு அபாயம் உண்டென்று அந்த இடத்துக்கு முன்னரே எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கை எந்த விலாசத்துக்கு, யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது வேறு வழக்கு.

மைல் முழுக்கச் சாகவில்லை என்று இரயில்வேக்காரர்கள் கோபிப்பார்கள், அவர்கள் சொல்வதும் சரி. வீதியில் செத்த மைல் இரும்புப் பாதையில் இன்றும் உத்தியோகம் பார்க்கிறது. மழைக்காலத்தில் பாதையில் மண் விழுந்தால் இத்தனையாவது மைலுக்கும் இத்தனையாவது மைலுக்கும் நடுவே என்றுதான் அறிக்கை வரும். பட்டிப்பொலைக்கு அருகில் பாதையின் உச்சத்தைக் காட்டும் பலகை 6,226 அடி என்று அடியில்தான் பேசுகிறது. எல்ல ஸ்டேஷனில் இறங்குகிற வெளிநாட்டுக்காரர் கைத்தொலைபேசியில் 1,041 மீற்றர் என்று பார்க்கிறார், அவருக்கு ஆட்டோ பிடித்துத் தருகிறவர் மூவாயிரத்து நானூறு அடி என்கிறார், இருவருக்கும் பேச்சில் ஒரு குறையுமில்லை.

பேர்ச்சின் கதை இதைவிட வேடிக்கை. தோட்டத்து மக்களுக்குக் காணி என்ற பேச்சு எழும் போதெல்லாம் '7 பேர்ச்' என்ற சொல் கூடவே வரும். ஏறக்குறைய 177 சதுர மீற்றர். தூரத்தை அளக்க வெள்ளைக்காரன் தந்த மைலைக் கைவிட்ட அரசாங்கம், நிலத்தைக் கொடுக்கும்போது மட்டும் வெள்ளைக்காரனின் பேர்ச்சிலேயே அளந்து கொடுக்கிறது. அதையும் எல்லோருக்கும் இன்னும் கொடுத்து முடிக்கவில்லை.

கொடுத்த இடங்களில் வரிசையாகத் தனி வீடுகள் எழும்பியிருக்கின்றன. சிலவற்றுக்குத் தலைவர்மார் பெயரில் 'புரம்', 'நகர்' என்று பெயரும், கதவில் வீட்டிலக்கமும் வந்துவிட்டன. தபால்காரர் வாசலுக்கே வருகிற இடங்களும் உண்டு. அப்படி ஒரு புதுக் குடியிருப்பிலிருந்து போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகள் இல்லம் என்ற இடத்தில் வீட்டிலக்கம், நகரின் பெயர், தபால் நிலையம் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருந்தது. அதன் கீழே பேனாவால், பெண்ணின் தாத்தாவுடைய கையெழுத்தாக இருக்கும், நடுங்கி நடுங்கி எழுதிய ஒரு வரி: பஸ்ஸில் வருபவர்கள் ஆறாம் கட்டையில் இறங்கவும்.